எது மெய்யான திருச்சபை? மூன்று சபைகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சேலம் அரிசிப்பாளையத்தில் பிறந்த ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). நிச்சயித்திருக்கும் பெண் அஸ்தம்பட்டிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). உங்கள் அக்கா கல்யாணமாகி சூரமங்கலம் போனபின் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். "குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றியது ஞானஸ்நானமே இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் முழுக்கு எடு" என்று அவர் விடாமல் சொல்கிறார். "பேதுருவின் வழியில் வந்த திருச்சபை ஒன்றுதான்" என்கிறார் உங்கள் பங்குச் சாமியார். "அதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்கிறார் வருங்கால மாமனார். இதில் யார் சொல்வது சரி, எது மெய்யான திருச்சபை என்பது உங்கள் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். மறுபடி ஞானஸ்நானம் எடுக்காதீர்கள். "நாங்கள்தான் மெய்யான திருச்சபை" என்று எந்தச் சபை சொன்னாலும், பக்கத்துச் சபை கொடுத்த ஞானஸ்நானத்தை அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த உரிமைகோரல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதுதான் உரைகல். நான் சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவன். திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுப்பதுதான் பல காலம் என் வேலை. என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

மூவரில் யாரையும் லேசாக எண்ண முடியாது. அவரவர் பதில்கள் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். அதனால்தான் பேச்சு ஒட்டாமல் போகிறது. "இயேசு ஏற்படுத்திய அதே கூட்டம் அறுபடாமல் இன்று எங்கே இருக்கிறது?" என்பது சாமியாரின் கேள்வி. "அப்போஸ்தலர் போதித்த அதே சுவிசேஷம் எங்கே பிரசங்கிக்கப்படுகிறது?" என்பது மாமனாருடையது. "அப்போஸ்தலர் மேல் இறங்கிய அதே ஆவி இன்று யார் மேல் இருக்கிறார்?" என்பது அக்காவுடையது. மூன்றுமே கேட்கவேண்டிய கேள்விகள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

கத்தோலிக்கருடைய உரிமையை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 16:18 அதன் அடிப்படை: "நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன், பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்வதில்லை." ஏறக்குறைய கி.பி. 180இல் லியோன் நகர ஆயர் (பிஷப்) ஐரேனியூஸ், திரிபுக் கொள்கைக்காரர்களுக்குப் பதில் எழுதும்போது ரோமாபுரி ஆயர்களின் வரிசையை ஒவ்வொரு பெயராக எழுதிவைத்தார். "இரகசிய உபதேசம் எங்களிடம் இருக்கிறது என்கிறீர்களே, உங்கள் குரு யார், அவருக்குக் குரு யார், சொல்லுங்கள்" என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். இன்று யூடியூபில் முளைக்கும் புதுப்புது உபதேசங்களைப் பார்க்கும்போது அந்த வாதத்தின் பலம் எனக்கு நன்றாகவே புரிகிறது. சேலத்து மண்ணிலும் அவர்களுடைய வேர் ஆழமானது. மதுரையிலிருந்து ராபர்ட் தே நோபிலி, நம் ஊர் மக்கள் தத்துவ போதகர் என்று அழைத்தவர், துறவிக் கோலத்தில் 1623இல் இங்கே வந்தார். புராட்டஸ்டன்ட் ஊழிய அமைப்பான லண்டன் மிஷன் சேலத்தில் கால் வைத்தது 1827இல். இருநூறு வருஷ வித்தியாசம்.

ஆனால் தொடர்ச்சி என்ற வாதத்துக்கு வரலாற்றில் சில சங்கடங்கள் உண்டு. 1378 முதல் 1417 வரை ஒரே சமயத்தில் இரண்டு பேர், ஒரு கட்டத்தில் மூன்று பேர், "நானே பாப்பரசர்" என்றார்கள். அதைத் தீர்த்துவைத்தது ஆயர்கள் கூடிய ஒரு பொதுச்சங்கம். பாப்பரசர் ஹொனோரியுஸ் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 680-681இல் கூடிய ஆறாம் பொதுச்சங்கம் அவர் பெயரைச் சொல்லியே கண்டித்தது. பாப்பரசரின் தவறா வரம் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது 1870இல்தான். "இந்தக் கல்" என்பது பேதுருவா, அவர் செய்த அறிக்கையா என்பதில் மேற்குத் திருச்சபையின் பேராசானான அகுஸ்தீனுக்கே கடைசிவரை ஒரு முடிவு இல்லை. வாசிக்கிறவர் தேர்ந்துகொள்ளட்டும் என்று முதுமையில் எழுதிவைத்தார். இதனால் ரோமாபுரியின் உரிமை பொய் என்று ஆகிவிடாது. மறுக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு அது தெளிவானதும் அல்ல.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் இதே தொடர்ச்சியைத்தான் கோருகின்றன, பாப்பரசர் இல்லாமல். 1054இல் பிரிந்தது ரோமாபுரிதான் என்பது அவர்கள் கணக்கு. சேலத்தில் இருக்கும் மலையாளி நண்பர்களில் சிரியன் ஆர்த்தடாக்ஸ்காரர் யாரையாவது கேளுங்கள். கதை அதைவிடப் பழசு, 451ஆம் ஆண்டு கல்செதோன் சங்கத்தில் தொடங்கும், அதற்கும் முன்னால் தோமா வருவார். தொடர்ச்சி ஒன்றே அடையாளம் என்றால் அந்த அடையாளத்தோடு குறைந்தது மூன்று பெரிய குடும்பங்கள் நிற்கின்றன என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

இனி மாமனார் பக்கம். 1530இல் லுத்தரன் தரப்பு எழுதிய ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7ஆம் பிரிவு சொல்வது இது: சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் (திருவருட்சாதனங்கள்) சரியாகக் கொடுக்கப்படுகிற விசுவாசிகளின் கூட்டமே திருச்சபை. எவ்வளவு நீளமான ஆயர் வரிசை இருந்தாலும் போதனை கெட்டுப்போனால் என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. ஆனால் "சுத்தமாக" என்று தீர்ப்புச் சொல்வது யார்? இந்த அறிக்கைக்கு ஒரு வருஷம் முன்னால், 1529இல், மார்பர்க் என்ற ஊரில் சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரும் ஸ்விங்கிலியும் உட்கார்ந்து பேசினார்கள். 15 விஷயங்களில் 14இல் ஒத்துப்போனார்கள். திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரம் எப்படி இருக்கிறது என்ற ஒன்றில் ஒத்துப்போகவில்லை, பிரிந்துவிட்டார்கள். சீர்திருத்தம் தொடங்கிப் பன்னிரண்டே வருஷம், இருவர் கையிலும் அதே வேதம். "வேதத்தில் காட்டு" என்பதை மட்டுமே வைத்து மெய்யான திருச்சபையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உங்கள் மாமனார் நினைத்தால் இதை அவரிடம் மரியாதையோடு சொல்லலாம். அவர் சார்ந்த சபை பிறந்ததே வேறு வழியில்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் வாதத்துக்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு இப்போது அவசரமானது அதுதான்.

அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் விவரித்துச் சொல்லப்பட்ட ஞானஸ்நானங்கள் பெரும்பாலும் கேட்டு, விசுவாசித்து, பிறகு பெற்றவை. குழந்தை ஞானஸ்நானம் என்று வெளிப்படையாக ஒரு வசனமும் இல்லை. சிறைச்சாலைக்காரன், லீதியாள், ஸ்தேவான் ஆகியோரின் "வீட்டார்" பெற்றதாக இருக்கிறது. அந்த வீட்டாரில் கைக்குழந்தை இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. ரோமர் 6:4 ஞானஸ்நானத்தை அடக்கம்பண்ணப்படுவதோடு சேர்த்துப் பேசுகிறது. முழுகி எழும்புவதில் அந்தப் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. கிறிஸ்தவப் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு, கிறிஸ்மஸுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்து, "உனக்கென்று விசுவாசம் எங்கே?" என்று பெந்தெகொஸ்தே சபைகள் கேட்டதால் குடி விட்டவர்கள், குடும்பம் தேறியவர்கள் சேலத்தில் எத்தனையோ பேர். அதை மறைக்கிறவர் நேர்மையாகப் பேசவில்லை.

ஆனால் அக்கா இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். முழுக்கா ஊற்றுவதா என்பது ஒன்று. குழந்தையா பெரியவரா என்பது வேறு. ஆர்த்தடாக்ஸ் சபையில் கைக்குழந்தையைத்தான் மூன்று தரம் தண்ணீரில் முழுக்கி எடுக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் முழுக்கு, ஊற்றுதல் இரண்டையும் ஏற்கிறது. ஊற்றுவது பிற்காலத்தில் கண்டுபிடித்த சுருக்குவழியும் இல்லை. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டிய "திதாக்கே" என்ற பழைய ஒழுங்குநூல், ஓடுகிற தண்ணீரில் கொடு, கிடைக்காவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, இரண்டும் இல்லாவிட்டால் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. குழந்தைகளைப் பொறுத்தவரை, கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் "ஏன் அவசரப்படுகிறீர்கள், வளரட்டுமே" என்று எதிர்த்து எழுதினார். நடக்காத ஒன்றை எதிர்த்து யாரும் எழுதமாட்டார்கள்.

இதைவிட முக்கியமான சண்டை அதே ஊரில் கொஞ்சம் பிந்தி நடந்தது. 250களில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், பிரிந்துபோன குழுவில் ஞானஸ்நானம் பெற்று வருகிறவர்களுக்கு மறுபடி கொடுக்கவேண்டும் என்றார். திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை, ஆகவே வெளியே ஞானஸ்நானமும் இல்லை என்பது அவர் தர்க்கம். 256இல் 87 ஆயர்கள் கூடி அவர் பக்கம் நின்றார்கள். ரோமாபுரி ஆயர் ஸ்தேவான் கண்டிப்பாக மறுத்தார்: திரும்பி வருகிறவன் தலையில் கைவைத்து ஜெபித்துச் சேர்த்துக்கொள், ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்காதே என்றார். கவனியுங்கள், தம்பி. "திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை" என்ற புகழ்பெற்ற வாக்கு இந்தச் சண்டைக்குள்ளேதான் பிறந்தது. அதைச் சொன்ன சிப்ரியான் இரத்தசாட்சியாக மரித்த புனிதர். ஆனாலும் மறு ஞானஸ்நானம் என்ற முடிவை மேற்குத் திருச்சபை ஏற்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து அதே நெருப்பு பெரிதாகப் பற்றியது. 303இல் தொடங்கிய ரோமப் பேரரசன் தியோக்கிளேசியனின் உபத்திரவத்தில், உயிருக்குப் பயந்து சில குருக்கள் வேதச்சுருள்களை அரசு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் கைவைத்து ஏற்படுத்திய ஆயர் ஆயரே இல்லை, அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் வெறும் குளியல் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்திஸ்டுகள் என்று பெயர். சின்னக் கூட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பையும் கூட்டிப் பேசவைத்தபோது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 280 ஆயர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒழுக்கமானவர்கள், உபத்திரவத்தில் உறுதியாக நின்றவர்கள், "பரிசுத்த சபை நாங்கள் மட்டுமே" என்று மனதார நம்பியவர்கள். சேர வருகிற கத்தோலிக்கருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அகுஸ்தீன் அவர்களுக்குச் சொன்ன பதிலின் சாரம் இது: பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும், ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்துவே. கொடுக்கிற கையின் சுத்தத்தில் அது நிற்பதாக இருந்தால், தான் பெற்றது செல்லுமா என்று யாராலும் நிம்மதியாக இருக்கமுடியாது.

அக்காவின் பாஸ்டர் தொனாத்திஸ்ட் இல்லை. அவர் குருவின் சுத்தத்தைக் கேட்கவில்லை, பெறுகிறவரின் விசுவாசத்தைக் கேட்கிறார். ஆனால் சிக்கல் அதே இடத்தில்தான் முடிகிறது. 20 வயதில் முழுக்கு எடுத்தவர் 35 வயதில், "அன்றைக்கு எனக்கு உண்மையான மனந்திரும்புதல் இல்லை" என்று அழுதால் என்ன செய்வது? மூன்றாவது ஞானஸ்நானமா? சபை மாறும்போதெல்லாம் தண்ணீருக்குள் இறங்கியவர்களை நான் அறிவேன். பெந்தெகொஸ்தேக்காரருக்குள்ளேயே, இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கவேண்டும் என்று 1910களில் அமெரிக்காவில் ஒரு பிரிவு தனியே போயிற்று. அவர்களிடம் போனால் உங்கள் அக்காவின் முழுக்கும் செல்லாது. அக்கா இன்று உங்களிடம் சொல்வதை நாளை இன்னொருவர் அக்காவிடம் சொல்வார். "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்ற எபேசியர் 4:5 இந்த ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அக்கா வீட்டுப் பேச்சில் இன்னொன்றும் வருவதாக எழுதியிருந்தீர்கள்: கான்ஸ்டன்டைன் மன்னன் காலத்தோடு திருச்சபை கெட்டுவிட்டது, கடைசி நாட்களில் தேவன் மறுபடி எழுப்பினார் என்று. மார்மன்கள், யெகோவா சாட்சிகள் தொடங்கிப் பலர் வெவ்வேறு வடிவில் சொல்கிற வாதம் இது. எல்லா உரிமைகளிலும் பலவீனமானது இதுதான் என்பேன். கான்ஸ்டன்டைன் இறந்தது 337இல். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் கூட்டாமல் குறைக்காமல் நாம் அறிந்த முதல் பட்டியல் 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில் இருக்கிறது. கெட்டுப்போன சபை என்று தள்ளுகிற அதே சபை வரையறுத்த வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் அந்தச் சபையைத் தள்ளுகிறார்கள். "உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்றவர் நடுவில் பல நூற்றாண்டுகள் விட்டுப்போய்விட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இப்போது உரைகல்லை ரோமாபுரியிடம் கொண்டுபோவோம். எல்லாரையும்விடப் பெரிய உரிமை கோருகிற அந்தச் சபை, உங்கள் வருங்கால மனைவியின் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தை ஏற்கிறது. தண்ணீரும் திரித்துவ நாமமும் இருந்தால் போதும். அவர் நாளைக்கே கத்தோலிக்கராக விரும்பினாலும் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், நற்கருணை, அவ்வளவுதான். அவர் சி.எஸ்.ஐ.யிலேயே இருந்தாலும், முறைப்படி நடக்கும் உங்கள் திருமணம் கத்தோலிக்கச் சட்டப்படி ஒரு திருவருட்சாதனம், ஏனென்றால் இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். வேற்றுச் சபைப் பெண் என்று முகம் சுளிக்கிற உங்கள் சித்தப்பாவுக்கு இது தெரியுமா?

இதற்குப் பின்னால் இருப்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம். கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது, ஆனால் அதன் எல்லைக்கு வெளியேயும் பரிசுத்தத்துக்கும் உண்மைக்கும் உரிய பல கூறுகள் உண்டு என்று 1964இல் எழுதியது. ஞானஸ்நானம் பெற்ற பிற சபையார் முழுமையற்றதாயினும் மெய்யான ஒன்றிப்பில் இருக்கிறார்கள் என்றது. அதற்கு முன்பே, கத்தோலிக்கர் அல்லாத எவருக்கும் இரட்சிப்பே இல்லை என்று கடுமையாகப் போதித்த அமெரிக்கக் குரு லெனார்ட் ஃபீனியை ரோமாபுரி 1949இல் திருத்தியது, 1953இல் சபைநீக்கமும் செய்தது. உரிமையை அவர்கள் விட்டுவிடவில்லை. மெய்யான ஆயர் வரிசை இல்லாதவை முழுப்பொருளில் திருச்சபைகள் அல்ல என்று வத்திக்கானின் 2000ஆம் ஆண்டு ஆவணம் சொன்னது. அது எனக்கு வலிக்கிறது, மறைக்கமாட்டேன். நான் திருவிருந்து வாங்கும் பீடத்தைப் பற்றிய வார்த்தை அது. ஆனாலும் என் ஞானஸ்நானத்தை அவர்கள் தொடவில்லை.

சி.எஸ்.ஐ. கதை சேலத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. லண்டன் மிஷன் உருவாக்கிய சபை இங்கே ஆயர் இல்லாத, சபையாரே நிர்வகிக்கும் மரபில் வந்தது. அஸ்தம்பட்டி கிறிஸ்து நாதர் ஆலயமும் ஏற்காட்டில் பரிசுத்த திரித்துவ ஆலயமும் ஆங்கிலிக்கன், அதாவது ஆயர்கள் உள்ள இங்கிலாந்துத் திருச்சபை மரபு; வெள்ளைக்கார அதிகாரிகளும் காப்பித்தோட்டக்காரரும் தொழுத இடங்கள். இரண்டு மரபும் தனித்தனியே நடந்தன. 1919இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் வேதநாயகம் அசரியாவும் மற்றவர்களும் கூடி, நம் மண்ணில் நாம் உண்டாக்காத பிரிவினைகளை ஏன் சுமக்கிறோம் என்று கேட்டார்கள். 28 வருஷப் பேச்சுக்குப் பிறகு 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதைக் காண அசரியா உயிரோடு இல்லை.

அங்கே தீர்க்கவேண்டியிருந்த பெரிய முடிச்சு இதுதான்: ஆயர் கைவைக்காமல் ஊழியத்துக்கு வந்த போதகர்களை என்ன செய்வது? மறுபடி அபிஷேகம் செய்தால் அதுவரை அவர்கள் செய்த ஊழியம் பொய் என்றாகிவிடும். ஆகவே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் வருபவர்களை ஆயர்கள் அபிஷேகம் செய்வார்கள், 30 ஆண்டுகளில் எல்லாம் ஒன்றாகிவிடும் என்றார்கள். ஆயர் இல்லாத பிரெஸ்பிட்டேரியன் மரபின் போதகரான லெஸ்லி நியூபிகின் மதுரைக்குப் பேராயரானார். இங்கிலாந்தில் பலர் இதை ஒப்பவில்லை. எனக்கோ, இது மெய்யான திருச்சபைக்கு மிக நெருங்கிய ஒரு செயல். இதுவரை நடந்தது செல்லும் என்று ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டு, தன்னிடம் இல்லாததை அடுத்தவரிடம் வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு எங்கள் சபை அந்த உயரத்தில் எப்போதும் நின்றது என்று சொல்லமாட்டேன். தேர்தல், வழக்கு, சொத்துத் தகராறு எல்லாம் செய்தித்தாளில் எல்லாரும் படித்ததுதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. "ஒரே, பரிசுத்த, பொதுவான, அப்போஸ்தல திருச்சபை" என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தை உங்கள் கோயிலிலும் எங்கள் கோயிலிலும் சொல்கிறோம். சொல்லிவிட்டு, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. சாதி பார்த்தே பெண் எடுக்கும் விசுவாசிகள் எல்லாச் சபைகளிலும் உண்டு. உங்களுக்கு மெய்யான திருச்சபையைக் காட்ட வருகிற யாரிடமும், செத்தவரைச் சுவர் கட்டிப் பிரிக்கிற சபைக்கு அந்தப் பிரமாணத்தைச் சொல்ல என்ன யோக்கியதை என்று கேளுங்கள். கோபமில்லாமல் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழை அவருடைய சபைப் போதகரிடம் இப்போதே வாங்கி உங்கள் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். கலப்புத் திருமணத்துக்கு மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும், அதற்கு நேரமெடுக்கும். திருமணத்தை சி.எஸ்.ஐ. ஆலயத்தில் வைப்பதாக இருந்தால் அதற்குத் தனி விலக்கும் கேட்டு வாங்கவேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் ஆனதைச் செய்வதாக நீங்கள் வாக்குக் கொடுக்கவேண்டியிருக்கும். அது பெண்ணுக்கும் முன்கூட்டித் தெரியவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் அவர் முதன்முதலாகக் கேள்விப்படும்படி விட்டுவிடாதீர்கள். இருவரும் தனியே உட்கார்ந்து, மாமனார் இல்லாமல், சித்தப்பா இல்லாமல், பேசி முடியுங்கள். அக்காவிடம், "என்னை நீ எந்த நாமத்துக்குள் முழுக்கச் சொல்கிறாயோ அந்த நாமத்தில் நான் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவன், என் விசுவாசம் வளர ஜெபம் பண்ணு" என்று சொல்லுங்கள். அவருடைய சபைக் கூட்டத்துக்கு ஒரு ஞாயிறு கூப்பிட்டால் போய்வாருங்கள். கல்யாணத்துக்கு அவரையும் அத்தானையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள், ஒரு வேதபாடம் வாசிக்க அவருக்குக் கொடுக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.